இரண்டு தளங்கள், மூன்று யோசனைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசகர் வட்டத்துக்காக இரண்டு விஷயங்கள் செய்து வைத்திருக்கிறேன். ஒன்று, நின்றுபோன பத்திரிகை ஒன்றின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து, கட்டுரைகளைத் தட்டச்சு செய்து தொகுத்த தளம். இன்னொன்று, யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கியிருக்கிறார்கள் என்று பதிவு செய்யும் செயலி. பைதான் மொழியின் ஜாங்கோ கட்டமைப்பில் எழுதியது. உறுப்பினர்கள் லாகின் செய்து அட்டைப்படம் ஏற்றலாம், திருப்பித் தரும் நாள் நெருங்கினால் மின்னஞ்சல் போகும். மொத்தம் நூறு பேருக்குள்தான்.

இவற்றை இணையத்தில் வைக்க, பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கே போதும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர் வி.பி.எஸ். (நமக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுக்கச் சொல்கிறார். மூன்றாமவர் எல்லாவற்றையும் கிளவுடில் போடு என்கிறார். எதை எடுப்பது? மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பெரிய தள்ளுபடி உண்டாம். கட்டிவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் செயலி நின்றுபோனால் யார் எழுந்து பார்ப்பது என்று மூவருமே உங்களிடம் கேட்கவில்லை. வேகம், இடம், விலை என்று ஹோஸ்டிங் வகைகளுக்குள் பல வித்தியாசங்கள் சொல்வார்கள். நூறு பேர் புழங்கும் இடத்தில் அவை பெரிதாகத் தெரியாது. பராமரிப்பில் எவ்வளவு உங்கள் தலையில் விழுகிறது என்பதுதான் தெரியும். அதை வைத்தே பார்ப்போம். இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் முதலில் விட்டுவிடுங்கள்.

பழைய இதழ்களின் தளம் சுலபமானது. அதில் யாரும் எதையும் எழுதப்போவதில்லை, வந்து படிப்பார்கள், அவ்வளவுதான். அதற்கு டேட்டாபேஸே வேண்டாம். பக்கங்களை எச்.டி.எம்.எல். கோப்புகளாக உருவாக்கி, நிலையான தளங்களுக்கான இலவச ஹோஸ்டிங்கில் போட்டுவிடலாம். கிட்ஹப் பேஜஸ் 2008 முதல் இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் பேஜஸ், நெட்லிஃபை என்று வேறு சிலவும் உண்டு. சர்வரில் ஓடும் நிரல் உங்களுடையது என்று எதுவும் இல்லாததால், அப்டேட் செய்யாமல் விட்ட பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) வழியாக யாரும் உள்ளே நுழைய முடியாது. வேர்ட்பிரஸ் தளங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சோகம் அதுதான்.

ஒரே சிக்கல் ஸ்கேன் கோப்புகள். கிட்ஹப் பேஜஸில் ஒரு தளம் 1 ஜி.பி.க்கு மேல் போகக் கூடாது. நல்ல தரத்தில் ஸ்கேன் செய்த இதழ்கள் அந்த அளவைச் சீக்கிரமே தாண்டிவிடும். அதனால் பி.டி.எஃப்.களை மட்டும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (கோப்புகளைச் சேமிப்பதற்கென்றே உள்ள சேவை) தனியாக வைத்து, பக்கத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். 2006இல் அமேசான் எஸ்3 தொடங்கிவைத்த முறை இது, இப்போது பல நிறுவனங்கள் தருகின்றன. சேமிப்புக்கான கட்டணம் குறைவாகத்தான் இருக்கும். யாராவது பதிவிறக்கும்போது வெளியே போகும் தரவுக்கு என்ன கட்டணம் என்று பாருங்கள், செலவு கூடுவது அங்கேதான். கிளவுட்ஃபிளேரின் ஆர்2 போன்ற சிலவற்றில் அந்தக் கட்டணம் கிடையாது.

இனி இரவல் செயலி. இதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும், ஏனென்றால் இதில் மற்றவர்களின் பெயரும் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் இருக்கின்றன. நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகக் காப்பது, செயலி வேகமாக ஓடுவதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பி.எச்.பி. செயலிகளுக்கு அது பழகிய இடம். பைதான் சில இடங்களில் ஓடும், ஆனால் வசதி குறைவு. அன்லிமிடெட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கோப்புகளின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் ஓடும் புராசஸ், சி.பி.யு. எல்லாவற்றுக்கும் உள்ளே வரம்பு இருக்கும். விதிமுறைப் பக்கத்தில் ஐநோடு (கோப்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பது) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், உண்மையான அளவு தெரிந்துவிடும்.

வி.பி.எஸ். எடுத்தால் முழு சுதந்திரம், முழுப் பொறுப்பும் கூடவே வரும். சர்வரை ஆன் செய்த சிறிது நேரத்திலேயே எங்கெங்கிருந்தோ பாட்கள் (தானியங்கி நிரல்கள்) எஸ்.எஸ்.எச். என்ற தொலைவிலிருந்து நுழையும் கதவைத் தட்டிப் பாஸ்வேர்டு முயன்று பார்க்கத் தொடங்கும். லாகைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். பாஸ்வேர்டு லாகினை மூடிவிட்டுச் சாவிக் கோப்பு மட்டும் வைப்பது, ஃபயர்வால், பாதுகாப்பு அப்டேட், டிஸ்க் நிரம்புகிறதா என்று பார்ப்பது எல்லாம் உங்கள் வேலை. 1 ஜி.பி. ரேம் உள்ள மலிவான திட்டத்தில் டேட்டாபேஸும் ஜாங்கோவும் சேர்ந்து ஓடினால், ரேம் தீரும்போது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல் டேட்டாபேஸையே நிறுத்திவிடக்கூடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவு) பதிப்பு ஒன்றுக்கு வழக்கமான ஆதரவு 5 வருடம். அது முடியும்போது நீங்கள் வேறு வேலையில் மூழ்கியிருப்பீர்கள். கற்றுக்கொள்ள ஆசை என்றால் வி.பி.எஸ்.ஸைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆனால் மற்றவர்களின் தகவலை வைத்துக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டாம். அதற்கு ஒரு சோதனைச் செயலியை எழுதி விளையாடுங்கள்.

கிளவுட் என்று நண்பர் சொன்னதில் பல விஷயங்கள் அடங்கும். அமேசான் இ.சி.2வில் வெறும் மெஷின் எடுத்தால், பராமரிப்பைப் பொறுத்தவரை அதுவும் வி.பி.எஸ். போலத்தான். லாம்டா மாதிரி சர்வர்லெஸ் (தேவைப்படும்போது மட்டும் நிரல் ஓடும்) முறைக்கு ஜாங்கோவைப் பொருத்துவது இந்த அளவு வேலைக்கு வீண் சிரமம். முழு இயந்திரத்தையும் வாடகைக்கு எடுக்கும் தனி சர்வர் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் செயலிக்கு நான் சொல்வது பிளாட்ஃபார்ம் வகையை. நிரலை ஏற்றிவிட்டால் இயங்குதளம், அப்டேட், எச்.டி.டி.பி.எஸ். (பாதுகாப்பான இணைப்பு) எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஹெரோக்கு 2007இல் தொடங்கிய வழி இது. இன்று ரெண்டர், ஃபிளை என்று வேறு சிலவும் உண்டு. டேட்டாபேஸையும் அவர்களே பராமரிக்கும் போஸ்ட்கிரஸாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு இடத்துக்கு வி.பி.எஸ்.ஸைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள். அந்தக் கூடுதல் பணம் உங்கள் ராத்திரித் தூக்கத்துக்கு.

ஆனால் இதில் புதிதாக வருபவர்கள் எல்லோரும் இடறி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஹெரோக்கு மாதிரி இடங்களில் டிஸ்க் தற்காலிகமானது. செயலி மறுபடி துவங்கும்போது, நீங்கள் ஏற்றிய நிரலைத் தவிர மற்ற கோப்புகள் போய்விடும். ஹெரோக்குவில் இது நாளுக்கு ஒரு முறையாவது நடக்கும். உறுப்பினர்கள் ஏற்றிய அட்டைப்படங்கள் சாயங்காலம் இருக்கும், காலையில் இருக்காது. எஸ்க்யூலைட் பயன்படுத்தியிருந்தால் டேட்டாபேஸே காணாமல் போகும், ஏனென்றால் அதுவும் ஒரு கோப்புதான். ஆகவே படங்களை, மேலே சொன்ன அதே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு அனுப்பும்படி ஜாங்கோவில் அமைத்துவிடுங்கள். இதைச் செய்துவிட்டால் நாளை வேறு இடத்துக்கு மாறுவதும் எளிது.

மின்னஞ்சலையும் சர்வரிலிருந்து நேராக அனுப்பாதீர்கள். பல கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை மூடியே வைத்திருக்கின்றன. திறந்திருந்தாலும் புதிய ஐ.பி.யிலிருந்து போகும் கடிதம் ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநரிடமும் எஸ்.பி.எஃப். அல்லது டி.கிம் (அனுப்புநரை உறுதிசெய்யும் முறைகள்) கேட்கிறது. இதற்கென்றே இருக்கும் மின்னஞ்சல் சேவை ஒன்றை எடுத்து, அவர்கள் தரும் பதிவுகளை உங்கள் தள முகவரியின் டி.என்.எஸ். பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள்.

எந்த வகையை எடுத்தாலும் பேக்கப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்டிராஸ்பூர்க்கில் ஓ.வி.எச். என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்துபோனது. சர்வரும் பேக்கப்பும் அங்கேயே இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்து போயின. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒருவர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து விதமான பேக்கப், நகலெடுப்பு ஏற்பாடுகள் இருந்தன, எதுவும் சரியாகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய தொழில்நுட்ப நிறுவனத்திலேயே இப்படி. நீங்கள் தினமும் டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு ஒரு நிறுவனத்தின் ஸ்டோரேஜில் போட வையுங்கள். மாதம் ஒரு முறை அதை உங்கள் கணினியில் ஏற்றி, செயலி ஓடுகிறதா என்று பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அப்புறம் அந்த மூன்று வருடத் தள்ளுபடி. வேண்டாம். ஹெரோக்குவின் இலவசத் திட்டத்தை நம்பியிருந்தவர்கள் 2022 நவம்பரில் அது நின்றதும் மாறவேண்டி வந்தது. திட்டங்கள் மாறும், உங்கள் தேவையும் மாறும். செயலிக்கு மாதக் கட்டணமே போதும். எங்கு எடுத்தாலும் முதல் தவணை விலையைப் பார்க்காமல், புதுப்பிக்கும்போது என்ன விலை என்று பாருங்கள், பெரும்பாலும் அது பல மடங்காக இருக்கும். டொமைனை (தளத்தின் முகவரிப் பெயரை) மட்டும் சில வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டலாம். அதை ஹோஸ்டிங் தருபவரிடம் வாங்காமல் தனியாக ஒரு பதிவாளரிடம், வட்டத்தில் இன்னொருவருக்கும் தெரிந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவு செய்யுங்கள்.