எட்டு மாத ஜாக் ரஸ்ஸல் டெரியர் தோட்டத்தைத் தோண்டுகிறது, கூப்பிட்டால் வருவதில்லை. எப்போது அடங்கும்?

உங்கள் நாய் கெட்டுப்போகவில்லை. ஏறக்குறைய ஆறாம் மாதம் முதல் ஒன்றரை வயது வரை நாய்களுக்கு விடலைப் பருவம். கற்றுக்கொடுத்தது மறந்துபோகவில்லை, வெளியே இருக்கும் வாசனைகள் உங்கள் குரலைவிடப் பெரிதாகிவிட்டன.

தோண்டுவது பிறவிக்குணம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பாதிரியார் ஜான் ரஸ்ஸல், வளைக்குள் பதுங்கும் நரியை வெளியே விரட்டுவதற்காக வளர்த்தெடுத்த நாய்களின் வழிவந்தது இது. மண்ணுக்கடியில், எஜமானின் கை எட்டாத இடத்தில், தானே முடிவெடுக்க வேண்டிய வேலை. அதை அடித்துத் திருத்த முடியாது, தயவுசெய்து முயலவும் வேண்டாம். தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி, பொம்மையையும் தீனியையும் புதைத்து வையுங்கள். வேறு இடத்தில் தோண்டினால் அங்கே அழைத்துப் போங்கள்.

களைக்கும்வரை பந்து எறியச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்பில் வலு ஏறுமே தவிர, அமைதியாக இருக்க அது கற்றுக்கொள்ளாது. வெயில் இல்லாத நேரத்தில் நடக்கக் கூட்டிப்போய், நின்று நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். சாப்பாட்டில் ஒரு பங்கைப் பழைய துணிச் சுருளில் ஒளித்துத் தேடவிடுங்கள். பகலில் நிம்மதியாகத் தூங்க இடம் வேண்டும். தூக்கம் போதாத இளம் நாய்தான் பல நேரம் மாலையில் வெறிபிடித்ததுபோல் ஓடிக் கடிக்கும்.

திறந்தவெளியில் நீளமான கயிற்றை மார்புப்பட்டையில் மாட்டி விடுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம். எவ்வளவு தாமதமாக வந்தாலும் திட்டாதீர்கள், தீனி கொடுங்கள். இரண்டு வயதை ஒட்டிப் பெரும்பாலானவை நிதானப்படும். அணிலைக் கண்டால் பாய்வது மட்டும் அதன் பிறகும் இருக்கும்; கயிற்றை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள்.