பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் சின்னக் குழந்தையின் மனசுக்கு நல்லதா? எங்கள் டர்பன் அனுபவம்

மூன்று வயது மகன் மாடி வீட்டிலேயே வளர்கிறான், காரணமில்லாமல் பயப்படுகிறான், மரம் செடி உள்ள இடத்துக்கு வீடு மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறு மட்டும்தான் பையனை வெளியே கூட்டிப் போக முடிகிறது என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

2019இல் திருச்சியிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தோம். முதல் வீடு நகர நடுவில், பழைய கிரே தெருவை ஒட்டி ஏழாவது மாடி. கறிவேப்பிலையிலிருந்து பூஜைச் சாமான் வரை எல்லாம் கீழேயே கிடைக்கும். மரம் இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

2020 மார்ச் 27 அன்று ஊரடங்கு. தென்னாப்பிரிக்காவில் முதல் ஐந்து வாரம் நடைப்பயிற்சிக்குக்கூட வெளியே விடவில்லை. மே மாதம் காலை 6 முதல் 9 வரை நடக்கலாம் என்றார்கள், ஆனால் பூங்காக்களைத் திறக்கவில்லை. மகளுக்கு இரண்டரை வயது. புருவ முடியைப் பிடுங்க ஆரம்பித்தாள். லிஃப்ட் கதவு மூடினால் அலறுவாள். ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் செருப்பு இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

ஊரடங்கு தளர்ந்தும் அவள் மாறவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "அடைத்து வைத்ததால் வந்தது, திறந்துவிட்டதும் போயிருக்கும்" என்று யாராவது எழுதுவார்கள். 2021 தொடக்கத்தில் பெரியா பகுதிக்கு மாறினோம். முன்பைவிடச் சின்ன வீடு, வாடகையும் அதிகம். ஆனால் எட்டு நிமிடம் நடந்தால் டர்பன் தாவரவியல் பூங்கா. 1849இல் தொடங்கியது, நுழைவுக் கட்டணம் கிடையாது. தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் போனோம்.

அங்கே வுட் சைக்காட் என்று, பார்க்கப் பனை மாதிரி ஒரு மரம் இருக்கிறது. 1895இல் இந்தப் பக்கத்துக் காட்டில் கண்டுபிடித்தார்கள், ஒரே ஒரு ஆண் மரம். பெண் மரம் உலகத்தில் எங்குமே கிடைக்கவில்லை. இதைச் சொன்ன நாளிலிருந்து மகள் போனதும் முதலில் அதனிடம்தான் பேசுவாள். சாப்பிட்டியா, மழையில நனைஞ்சியா என்று. மூன்று நான்கு மாதத்தில் புருவம் வளர்ந்துவிட்டது. தூக்கத்துக்கு இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. குழந்தை மருத்துவரிடமும் காட்டினோம், பூங்காவுக்குப் போவதை அவர் நிறுத்தச் சொல்லவில்லை.

என் வீட்டுக் கதை மட்டும் சான்றாகாது, சரி. 2024இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 2007 முதல் 2013 வரை பிறந்த குழந்தைகளின் வீட்டைச் சுற்றி முக்கால் மைலுக்குள் எவ்வளவு பச்சை இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் அளந்தது. பச்சை அதிகமுள்ள இடத்தில் வளர்ந்த 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் பதற்றம், சோர்வு போன்ற அறிகுறிகள் குறைவாக இருந்தன. பெற்றோரின் படிப்பு, அக்கம்பக்கத்தின் வசதி இதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். 6 முதல் 11 வயதில் அந்தத் தொடர்பு தெளிவாக இல்லை. அதனால்தான் மூன்று வயது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஆனால் செயற்கைக்கோளுக்குத் தெரு தெரியாது. எங்கள் பழைய வீட்டிலிருந்தும் அதே பூங்கா ரொம்பத் தூரமில்லை. நடுவில் வார்விக் சந்திப்பு, மினிபஸ் டாக்சிகளின் நெரிசல். இடுப்பில் குழந்தையோடு நான் ஒரு நாளும் நடந்து போனதில்லை. அதனால் வீடு பார்க்கும்போது வரைபடத்தில் தூரம் பார்க்காதீர்கள், சாயங்காலம் ஐந்தரைக்கு நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் மகள் போன மழலையர் பள்ளியில், "வீட்டில் தமிழ் பேசுவதால்தான் குழந்தை குழம்புகிறாள், நிறுத்துங்கள்" என்றார்கள். இரண்டு மொழி கேட்பதால் குழந்தைக்குப் பதற்றம் வராது. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அவருக்குத் தேவாரம் ராகத்தோடு பாட வரும், அர்த்தம் தெரியாது. இந்தப் பள்ளி சொன்னதை அவரிடம் சொன்னபோது, அவருடைய அம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்களாம். நான் நிறுத்தவில்லை. பள்ளியைத்தான் மாற்றினேன்.

வீடு மாற்ற வசதியில்லை என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தச் செலவு எனக்குத் தெரியும். உங்கள் தெருவில் ஒரு வேப்பமரம் இருந்தாலும் அதன் அடியில் தினமும் இருபது நிமிடம் விடுங்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், மண்ணைத் தொட்டால் திட்டாதீர்கள். முதல் பத்து நாள் என் மகள் என் துப்பட்டாவை விடவே இல்லை. பதினோராவது நாளோ என்னவோ, ஒரு காய்ந்த நெற்றைப் பொறுக்க ஓடினாள்.