வாலாட்டியின் மஞ்சள் தெரிய வேண்டுமா?

வணக்கம். கோத்தகிரியில் உங்கள் வீட்டுப் பின்பக்கம் வரும் கருஞ்சாம்பல் வாலாட்டியைப் படம் எடுத்தால் வெறும் முதுகுதான் விழுகிறது, படுத்து எடுக்கப் போனால் பறந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதன் மஞ்சள் வயிற்றிலும் வாலடியிலும்தான் இருக்கிறது. நின்று எடுத்தால் அது தெரியாது.

படுக்கவே வேண்டாம். நம் மலை வீடுகளில் தோட்டம் படிப்படியாகத்தானே இருக்கும்? கீழ்ப்படியில் நின்றுகொண்டு, கல்கட்டின் மேல் அரிசி நிரப்பிய சின்னத் துணிப்பையை வைத்து, லென்ஸை அதில் அழுத்தி வையுங்கள். உடம்பு சுவருக்குக் கீழே மறைந்துவிடும், கேமரா குருவியின் கண்மட்டத்துக்கு வந்துவிடும். முன்னால் நாலு புல் நீட்டிக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள், படத்தில் பச்சைப் புகை மாதிரி அழகாகக் கலங்கும்.

குருவி வந்தபின் போகாதீர்கள். அது வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே போய் அசையாமல் நில்லுங்கள். எனக்கு நான்காம் நாள்தான் பலித்தது. பத்தடி தூரத்தில், அலகில் ஒரு பூச்சியோடு, நேராக லென்ஸைப் பார்த்தது!

அப்புறம், வால் ஒரு நொடி நிற்காது. ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். மூடுபனி என்றால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் 1600க்கு ஏற்றுங்கள். ஏப்ரலுக்குள் அது வடக்கே கிளம்பிவிடும், நாளைக் காலையே தொடங்குங்கள்.