கறுப்பு சிங்கரைக் கனடாவுக்குக் கொண்டு வரலாமா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அடுத்த மாதம் ஸ்காபரோ வாறேன். அம்மாவின் மோட்டார் பூட்டின கறுப்பு சிங்கர் தையல் மெசின் இருக்கு. பழைய சேலையெல்லாம் வெட்டிக் குயில்ட் (துண்டு மூட்டிப் பஞ்சு வைத்த போர்வை) தைக்க ஆசை. அதைக் கொண்டு வரவா, அங்கே வாங்கவா?"

தங்கச்சி, மெசினை அம்மாவோடேயே விடுங்கோ. ஊரில் 230 வோல்ட், இங்கே 120. அந்த மோட்டார் இங்கே மெல்லச் சுத்துமே தவிர, துணி, பஞ்சு, துணி என்று மூன்று படையை இழுக்கிற பலம் அதுக்கு இராது. தலைப்பகுதி மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல். 23 கிலோப் பெட்டியில் பாதி போய்விடும். அதுக்குப் பதிலாகப் பருத்திச் சேலைகளைக் கொண்டு வாங்கோ. வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருதரம் தோய்த்து விடுங்கோ, சிவப்பும் நீலமும் சாயம் விடும்.

வாங்கும்போது "அறுபது தையல், எழுபது தையல்" என்ற எண்ணிக்கையில் மயங்காதீங்கோ. குயில்ட்டுக்கு வேண்டியது நேர்த்தையல். பார்க்க வேண்டியது, ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையிலான வெளி. சாதாரண மெசினில் ஆறு, ஆறரை அங்குலம்தான். சுருட்டிய இரட்டைக் கட்டில் போர்வை அதுக்குள் நெரிபட்டு, துணி இழுபட்டுத் தையல் சிறுத்துப் போகும். முதல் இரண்டு வருசத்துக்குக் குழந்தைப் போர்வை, மடிப்போர்வை அளவென்றால் அது போதும்.

பிரதர் சிஎஸ்7000எக்ஸ் கைக்கு அடக்கமான தொடக்கம்: வோக்கிங் ஃபுட்டும் (ஃபுட் என்றால் ஊசியடியில் துணியை அமத்திப் பிடிக்கிற பாதம்) அகலப் பலகையும் பெட்டிக்குள்ளேயே வரும். வோக்கிங் ஃபுட் மேல்துணியையும் கீழ்த்துணியோடு சேர்த்து நகர்த்தும். அது இல்லாவிட்டால் மேல்படை முன்னே தள்ளுப்பட்டுச் சுருக்கம் விழும். வளைவு வளைவாகத் தைக்க, துணியை இழுக்கிற பல்லைக் கீழே இறக்கும் வசதி வேணும். பெரிய போர்வை தைக்கத் தொடங்கினால் ஜூக்கி டிஎல்-2010க்யூ மாதிரி நேர்த்தையல் மட்டும் போடுகிற மெசின். வெளி எட்டரை அங்குலம், விலையும் பல மடங்கு.

துணி ஓரத்தில் சரியாகக் கால் அங்குலம் விட்டுத் தைக்கக் கால் அங்குல ஃபுட் ஒன்று கட்டாயம். ஓரம் 1/16 அங்குலம் கூடினால், இரண்டு துண்டிலும் சேர்த்து ஒவ்வொரு மூட்டும் 1/8 அங்குலத்தைத் தின்னும். எட்டு மூட்டில் ஒரு அங்குலம் காணாமல் போகும். துண்டுகளை மூட்ட 80/12 அளவு ஊசி, படைகளைச் சேர்த்துத் தைக்க 90/14. தையல் நீளம் முதலில் 2 முதல் 2.5 மில்லிமீற்றர், பிறகு 3.

பழையது வாங்கப் போனால் உங்கட துணியையும் பஞ்சையும் கையோடு கொண்டு போங்கோ. கைச்சில்லைக் கையால் சுத்திப் பாருங்கோ, எங்கேயும் இறுகக் கூடாது. அடியில் நூல் கூடு கட்டினால் உடனே பொபினை (அடிநூல் சுற்றிய உருளையை) குறை சொல்லாதீங்கோ. ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோத்தால், மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்சன் தட்டுக்குள் இறங்காமல் அப்படித்தான் வரும். ஊசித்தட்டின் துளையை விரலால் தடவுங்கோ. கீறல் இருந்தால் நூல் அறும்.

பிறகு அதை ஊருக்கு அனுப்ப நினைத்தால் வயர் செருகும் இடத்து எழுத்தை வாசியுங்கோ. 120 வோல்ட் என்றிருந்தால் திருகோணமலையில் நேரே பிளக்கில் போடக் கூடாது, எரிந்து போகும்.