மெட்டு அப்புறம், முதலில் இடம்: குறும்படத்துக்குப் பின்னணி இசை அமைப்பது எப்படி?

கேள்வி: சேலத்தில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். நண்பர்கள் ஏற்காட்டில் 18 நிமிடக் குறும்படம் எடுத்து, பின்னணி இசையை என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். பல வருடம் கழித்து மகன் பைக்கில் மலையேறி வந்து அப்பா வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் முக்கியமான காட்சி. எடிட்டர் வேறொரு படத்தின் இசையை அதன்மேல் வைத்திருக்கிறார். இயக்குநர் “இதே மாதிரி வேணும்” என்கிறார். பாட்டுக்கு மெட்டுப் போட வரும். காட்சிக்கு எப்படிப் போடுவது? – வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: கீபோர்டைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். எடிட்டரிடம் ஒன்று கேளுங்கள்: எடிட் லாக் ஆகிவிட்டதா, அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவாகிவிட்டதா? இல்லை என்றால் காத்திருங்கள். நீங்கள் இசையமைத்த பிறகு அவர் இரண்டு ஷாட்டைக் குறைத்தால், அதற்குப் பின்னால் வரும் எல்லாமே இடம் மாறிவிடும். லாக் ஆன படம், ஓரத்தில் நேரம் ஓடும்படி வேண்டும். வசனமும், எடிட்டர் தற்காலிகமாக வைத்திருக்கும் இசையும் (டெம்ப் என்பார்கள்) தனித்தனி ட்ராக்கில் வேண்டும். வினாடிக்கு எத்தனை ஃப்ரேமில் எடுத்தார்கள், 24-ஆ 25-ஆ என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள்.

அடுத்து, இயக்குநரோடு உட்கார்ந்து படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். இதை ஸ்பாட்டிங் என்பார்கள். எங்கே இசை தொடங்குகிறது, எங்கே நிற்கிறது, ஏன் என்று ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பின்னணி இசையில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. பாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டி நேராக மெட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் காட்சியையே எடுத்துக்கொள்வோம். மகன் அடிவாரத்தில் பைக்கை எடுக்கும்போதே இசை வந்தால், அது பயணத்தின் இசை. பார்ப்பவர் அவனோடு சேர்ந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறுவார். கடைசி வளைவு தாண்டி வீட்டுமுன் இன்ஜினை அணைத்தபின் வந்தால், அது அவனுடைய பயம். இறங்கலாமா, திரும்பிப் போய்விடலாமா என்ற தயக்கம் அதில் கேட்கும். கதவு திறந்து, அப்பா ஒன்றும் பேசாமல் நிற்கிற இடத்தில் மட்டும் வந்தால் கதை அப்பாவுடையதாகிவிடும். மெட்டு ஒன்றுதான், ஆனால் மூன்று வேறு படங்கள். எது வேண்டும் என்று இயக்குநர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் கேட்க வேண்டியது நீங்கள். “சோகமா போடவா, மாஸா போடவா” என்று கேட்டால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. “இந்த இடத்தில் நாம் யார் பக்கம் நிற்கிறோம்?” என்று கேளுங்கள்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். அதுவரை வெறும் பைக் சத்தமும் காற்றும் போதும். இசையே இல்லாமல் மலையேறி வந்த பிறகு வருகிற முதல் சுரத்துக்குத் தனி வலிமை இருக்கும். 18 நிமிடத்துக்கும் இசை போட்டால்தான் வேலை செய்த மாதிரி என்று நினைக்காதீர்கள். இப்படிப்பட்ட கதைக்கு ஆறேழு நிமிடம் தாராளம்.

டெம்ப் விஷயத்துக்கு வருவோம். இயக்குநர் அதையே பலமுறை கேட்டுப் பழகியிருப்பார். வேறு எதைக் கேட்டாலும் முதலில் அந்நியமாகத்தான் படும். அவருக்கு அதில் எது பிடித்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். வேகமா? வாத்தியத்தின் நிறமா? அது நுழைகிற இடமா? பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு மெட்டையும் ஸ்வரக் கட்டையும் உங்களுடையதாகப் போடுங்கள். மெட்டையே நகல் எடுப்பது சட்டப்படியும் சிக்கல், உங்கள் பெயருக்கும் நல்லதல்ல.

இப்போது கணக்கு. இன்ஜின் நின்றதிலிருந்து கதவு திறக்கும்வரை 40 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 பிபிஎம் (நிமிடத்துக்கு 72 அடி) வேகத்தில் 40 வினாடிக்குச் சரியாக 48 அடி. எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம் (சுற்று) முடிந்து, ஏழாவதின் சமத்தில், அதாவது முதல் அடியில், கதவு திறக்கும். எடிட்டில் அது 42 வினாடியாக இருந்தால்? 48 அடியை 60-ஆல் பெருக்கி 42-ஆல் வகுத்தால் 68.57. மென்பொருளில் அந்தப் புள்ளி எண்ணை அப்படியே கொடுக்கலாம். அல்லது 72-லேயே வைத்துக்கொண்டு நடுவில் ஓர் இடத்தில் இரண்டு அடி கூட்டினால், கதவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மீதியை ஒரு சின்ன இழுப்பில் சரிசெய்யலாம். தாளம் தெரிந்த உங்களுக்கு இது கஷ்டமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் அடி விழ வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். ஒரு கியூவில் (ஒருமுறை தொடங்கி நிற்கும் இசைத் துண்டில்) ஓரிடம் சரியாக விழுந்தால் போதும்; எல்லாமே விழுந்தால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும்.

ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய திரைப்பட நிறுவனம் அது. அந்தத் தலைமுறையின் ரீ-ரெக்கார்டிங்கில், அதாவது பின்னணி இசைப் பதிவில், திரையில் படம் ஓட, வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தவறினாலும் மறுபடி வாசிக்க வேண்டியதுதான். இன்றைக்கு ஒரு பட்டனில் வேகத்தை மாற்றுகிறோம். ஆனால் காட்சியைப் பார்த்துக்கொண்டே வாசிக்கிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். முதல் முயற்சியைப் படத்தை ஓடவிட்டு, கிளிக் (வேகம் காட்டும் டிக் டிக் சத்தம்) இல்லாமல் வாசித்துப் பதிவு செய்யுங்கள். காட்சியின் இயல்பான வேகம் அதில்தான் தெரியும். பிபிஎம்மை அதிலிருந்து எடுங்கள்.

ஏற்காட்டில் எடுத்த படம் என்பதால் இன்னொன்று. மாலைக்கு மேல் காப்பித் தோட்டங்களில் பூச்சிச் சத்தம் விடாமல் இருக்கும். அது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் வட்டாரத்திலும் அதற்கு மேலும் இரைவது. அதே இடத்தில் நீங்கள் ஷேக்கர், ஹைஹேட், உச்சஸ்தாயி வயலின் எல்லாம் போட்டால் எதுவும் தெளிவாகக் கேட்காது. பேச்சில் மெய்யெழுத்துகள் புரிவதும் 2,000-லிருந்து 4,000 ஹெர்ட்ஸை நம்பித்தான். அதனால் வசனம் இருக்கிற இடத்தில் செல்லோ, தம்புரா மாதிரி கீழ்ஸ்தாயியில், நீண்ட சுரங்களாக வையுங்கள். புல்லாங்குழல் பேச வேண்டும் என்றால் வசனங்களுக்கு இடையில் பேசட்டும். சவுண்ட் டிசைன் செய்பவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மழையை அவர் போடுகிறாரா, நீங்கள் போடுகிறீர்களா என்று கடைசி நாளில் கண்டுபிடிக்கக் கூடாது.

சாம்பிள் வயலின்களை (மென்பொருளில் பதிந்து வைத்த வயலின் ஒலிகளை) மட்டும் நம்பாதீர்கள். ஒரே ஒரு உயிருள்ள வாத்தியத்தை மேலே வாசித்துச் சேர்த்தால், அடியில் இருக்கும் சாம்பிள்களும் நிஜமாகத் தோன்றும். உங்கள் ஊரில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பம்பைக்கும் ஆள் இருக்கிறார்கள். தறி ஓடும் தெருவென்றால் தறி நின்ற பிறகு பதிவு செய்யுங்கள். வெள்ளிக் கொலுசு செய்கிற ஊரில் இருக்கிறீர்கள், ஒரு கொலுசைக் குலுக்கிப் பதிவு செய்து, சுருதியை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கிப் பாருங்கள். மணியும் இரும்பும் கலந்த மாதிரி ஓர் ஒலி கிடைக்கும். பூச்சிச் சத்தத்தோடு மோதவும் மோதாது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

கொடுக்கும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் ஃபைலாகக் கொடுங்கள், எம்பி3 வேண்டாம். தாளம், தந்தி, மெலடி என்று ஸ்டெம்களாகப் பிரித்து, எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும்படி ஏற்றுமதி செய்யுங்கள். மிக்ஸிங்கில் வசனத்துக்காக மெலடியை மட்டும் குறைக்க அப்போதுதான் முடியும்.

இதே நண்பர்கள் நாளைக்குக் கேம் செய்தால் கணக்கு வேறு. அங்கே கதவு எத்தனையாவது வினாடியில் திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. விளையாடுபவர் முடிவு செய்வது அது. அதனால் ஒரே வேகத்தில், ஒரே சுருதியில் மூன்று நான்கு அடுக்குகள் எழுதி, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகத் திறக்கும்படி வைப்பார்கள். எஃப்மாட், வைஸ் போன்ற மென்பொருள்கள் அதற்குத்தான். டிவி சீரியலுக்கு, ‘பதற்றம்’, ‘பாசம்’ என்று வகைவகையாக ஒரு தொகுப்பை முன்னாலேயே செய்து கொடுத்துவிட்டு, தினசரி எபிசோடில் அதிலிருந்து எடுத்துப் பொருத்துவது பரவலான வழக்கம்.

கடைசியாக, நண்பர்கள்தானே என்று வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். எத்தனை முறை திருத்தம், எவ்வளவு பணம், இசை யாருக்குச் சொந்தம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சம பங்கு உண்டு. அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுக்கவும் முடியாது. அதை வசூலித்துத் தருவது ஐபிஆர்எஸ் என்ற இசைப் படைப்பாளிகளின் ராயல்டி அமைப்பு. அதில் உறுப்பினராகுங்கள். ஒவ்வொரு கியூவின் பெயர், நீளம், இசையமைத்தவர் விவரங்களோடு ஒரு கியூ ஷீட்டும் எழுதி, படத்தை அனுப்பும்போது தயாரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.