பிடி உடைந்த மோரோ கிரிஸ் வாளுக்குப் புதுப்பிடி பொருத்தலாமா?

கப்பல் பணியில் இருந்தபோது பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் வாங்கிய பழைய மோரோ கிரிஸ் வாளின் (மோரோக்கள் தென் பிலிப்பைன்ஸின் முஸ்லிம் மக்கள்; கிரிஸ் அவர்களின் இருபுறமும் கூருள்ள வாள்) மரப்பிடி பிளந்து உதிர்ந்துவிட்டதாகவும், தாமே புதிதாக ஒன்றைச் செதுக்கிப் பொருத்தினால் வாளின் மதிப்புக் கெடுமா என்றும், துருவை எப்படி அகற்றுவது என்றும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாராளமாகப் பொருத்தலாம். தென் பிலிப்பைன்ஸின் மின்டனாவோ, ஸூலூ பகுதிகளில் அலகு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது பிடியை மாற்றிக்கொள்வது மோரோக்களிடையே வழக்கமாகவே இருந்தது. புதுப்பிடியைப் பழையதென்று காட்டுவதுதான் பிழை. ஆகவே பிடியின் அடிப்பக்கத்தில், அலகோடு சேரும் இடத்தில் மறையும்படி, செய்த ஆண்டைப் பொறித்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் அலகின் மேற்பகுதியைக் கவனியுங்கள். பிடியை ஒட்டி அகன்றிருக்கும் கங்யா என்னும் பகுதி பழைய வாள்களில் தனித்துண்டாக இருக்கும். பிற்காலத்தவற்றில் பெரும்பாலும் வெறும் கோடாகவே கீறியிருப்பார்கள். தனித்துண்டாக இருந்து அந்த இடுக்கில் துரு தெரிந்தால் நெம்பிப் பிரிக்க முயலாதீர்கள். எண்ணெய் ஊற்றி அப்படியே இருக்க விடுங்கள். அலகைப் பற்றியபடி பிடிக்குள் ஏறும் அசாங்-அசாங் என்ற உலோகப் பட்டை ஒரு பக்கமாவது மிஞ்சியிருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். பிடி சுழலாமல் காப்பது அதுவும், பிடிக்குள் செருகப்படும் அலகின் வாலான காம்பின் சதுர வடிவமும்தான்.

மரத்திற்கு, பிலிப்பைன்ஸின் நாரா மரத்துக்கு உறவான நம் வேங்கை நன்கு பொருந்தும். அங்குள்ள கமகோங் மரத்தின் இனத்தைச் சேர்ந்த கருங்காலியும் ஆகும், ஆனால் உளிக்குச் சிரமம் கொடுக்கும். முதன்முறை செதுக்குபவர், பிடியின் முனையில் காக்கட்டுவாக் கிளியின் தலைபோல் அமையும் காக்கட்டுவாத் தலையை முயல வேண்டாம். குதிரைக்குளம்பு வடிவம் எளிய வாள்களில் உண்மையாகவே இருந்த ஒன்று. பிடியின் நடுப்பகுதி நம் கைக்குச் சிறியதாகத் தோன்றினாலும் அதைப் பெருக்காதீர்கள். அதன்மேல் நூற்கயிறு இறுகச் சுற்றி மெருகு பூசினால் போதும். யானைத்தந்தம் மட்டும் வேண்டவே வேண்டாம். பழையது என்று சொல்லி விற்றாலும் சட்டச் சிக்கலே மிஞ்சும்.

காம்பைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி மரத்தில் குத்திப் பொருத்தும் முறை, புதுக் கத்திக்குப் பட்டறையில் சரி. பழைய அலகில் அது பதத்தைப் போக்கிவிடும். மாறாக, முதலில் ஒடுக்கமாகத் துளையிட்டு, காம்பின்மேல் விளக்குக் கரியைத் தடவி உள்ளே நுழைத்து எடுங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடங்களே முட்டும் இடங்கள். அவற்றை மட்டும் அரத்தால் தேயுங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்த பிறகு, பிடி ஆடாமலும் அழுத்தாமலும் உட்காரும். ஒட்டுவதற்கு எபோக்ஸி வேண்டாம், ஏனெனில் பின்னால் ஒருவர் இந்தப் பிடியைக் கழற்ற நேர்ந்தால் காம்போ மரமோ ஒன்று பலியாகும். நம் கொல்லர்களும் கத்திக்கும் அரிவாளுக்கும் வைக்கும் அரக்கே இங்கும் ஏற்றது. அதை இளக்கி, சலித்த செங்கல் தூளைச் சிறிது கலந்து துளையில் நிரப்பி, வெந்நீரில் சூடாக்கித் துடைத்த காம்பை உடனே செருகுங்கள். வேண்டும்போது சற்றே சூடு காட்டினால் அரக்கு இளகிக் கொடுக்கும். அசாங்-அசாங்கும் பூணும் இதற்கு முன்பே அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும். அரக்கு இறுகிய பின் நுழைக்க முடியாது.

துருவைப் பொறுத்தவரை, செந்துருவை மட்டும் எண்ணெயில் ஊறவைத்து மிக மென்மையான எஃகு நாரால் தேய்த்து எடுங்கள். கருநிறப் படிவு அலகின் வயதுக்குரியது, அது இருக்கட்டும். கிரைண்டர் சக்கரத்தில் பளபளப்பாக்கிய பல வாள்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். அடுக்கி அடித்த இரும்பின் வரிகள் அதில் போய்விடும். அந்த வரிகளைக் காண விரும்பினால், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய அலகில் வினிகரைச் சில நிமிடங்கள் தடவி, சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். முதலில் ஒரு விரற்கடை இடத்தில் மட்டும் சோதியுங்கள்.

உதிர்ந்த பழைய பிடியின் துண்டுகளை எறிந்துவிடாமல், ஒரு துணிப்பையிலிட்டு வாளோடு சேர்த்தே வையுங்கள்.