பங்குனியில் காலியாகும் ஏரி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரியலூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கரைவெட்டி ஏரி பக்கத்தில்தான். இளவேனில் தொடங்கியதும் வலசைப் பறவைகள் வரும், முதன்முதலில் கண்ட தேதியைக் குறித்து வையுங்கள் என்று பறவை நோக்கல் பற்றிய ஆங்கிலப் புத்தகங்களில் படித்தேன். மாணவர்களை வைத்து அதைச் செய்யலாம் என்று கிளம்பினால் எல்லாமே குழப்பமாக இருக்கிறது. மாசி பாதியிலிருந்து வாத்துகள் குறைந்துகொண்டே போகின்றன. ஆனால் சேற்றில் மேயும் சின்னப் பறவைகள் முன்னைவிடக் கூடியிருக்கின்றன. அவற்றில் சில செந்நிறமாக இருக்கின்றன. புதிதாக வந்த இனமா? குயிலும் இப்போதுதான் வந்திருக்கிறது. நாங்கள் எதைக் குறிக்க வேண்டும்?

எஸ்., அரியலூர்

அன்புள்ள எஸ்,

அந்தப் புத்தகங்கள் குளிர்நாடுகளில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே மார்ச், ஏப்ரல் வருகைக் காலம். அதே வாரங்களில் நம் ஏரிகளில் நடப்பது புறப்பாடு. நமக்கு வருகை என்பது ஆகஸ்டுவாக்கில் உள்ளான்களோடு (நீங்கள் சொல்லும் சேற்றில் மேயும் சின்னப் பறவைகள்) தொடங்கி, வாத்துகள் வந்து சேரும் நவம்பர் வரை நீள்வது. ஆகவே உங்கள் மாணவர்கள் இப்போது குறிக்க வேண்டியது கடைசித் தேதியை. இது முதல் தேதியைக் குறிப்பதைவிடச் சிரமமான வேலை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் கூட்டம் கூடியதைப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய சிறு குளங்களும் தாங்கல்களும் மாசியில் வற்றத் தொடங்குகின்றன. அங்கே பரவிக் கிடந்த பறவைகள் நீர் மிச்சமிருக்கும் பெரிய ஏரிக்கு வந்து சேர்கின்றன. அந்த ஏரியிலும் நீர் இறங்க இறங்கக் கரையோரச் சேறு வெளியே தெரியும். உள்ளான்களுக்கு இரை கிடைப்பது அந்தச் சேற்றில்தான். மொத்த எண்ணிக்கை குறைந்துகொண்டிருக்கும்போதே உங்கள் ஏரியில் மட்டும் கூடுவது இதனால்தான். கணக்கெடுக்கும் அன்று நீர்மட்டத்தையும் ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். மதகுப் படியில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எழுதினாலே போதும். நீர்மட்டக் குறிப்பு இல்லாத எண்ணிக்கையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

செந்நிறப் பறவைகள் புதிதாக வந்தவை அல்ல. குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக நின்ற அதே பறவைகள் இனப்பெருக்கக் காலத்துக்கான இறகுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே நாளில் மாறுவதில்லை. ஒரே கூட்டத்தில் சாம்பல், பாதி சிவப்பு, முழுச் சிவப்பு மூன்றும் நிற்கும். பார்க்கிறவர் அதை மூன்று இனமாக எழுதிவிடுவார். இந்த மாதங்களில் நிறத்தைக் கடைசியில் பாருங்கள். அளவு, அலகின் நீளம், அலகின் வளைவு என்ற வரிசையில் தொடங்குங்கள்.

சிட்டுக்குருவி அளவில், குட்டையான நேர் அலகும் கறுப்புக் கால்களுமாக இருந்தால் கொசு உள்ளான். அதற்குத் தலையும் மார்பின் பக்கங்களும் செம்மையாகும். தொண்டையும் வயிறும் வெள்ளையாகவே இருக்கும். தொண்டையும் சிவந்திருந்தால் அது செங்கழுத்து உள்ளானாக இருக்கலாம். இங்கே அரிது, எனவே படம் இல்லாமல் எழுத வேண்டாம். கொசு உள்ளானைவிடச் சற்றுப் பெரிதாய், அலகு நீண்டு நுனியில் கீழ்நோக்கி வளைந்து, முகத்திலிருந்து வயிறு வரை செங்கல் நிறமாக இருந்தால் வளைமூக்கு உள்ளான். பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரியும். உயரமான கால்களும் நீண்ட நேர் அலகும், அலகின் அடியில் இளஞ்சிவப்பும், கழுத்தில் துருநிறமும் இருந்தால் கருவால் மூக்கன். பேதை உள்ளான்தான் அதிகம் ஏமாற்றும். ஆண் பெண்ணைவிட வெகு பெரிது. போதாததற்கு இந்தச் சமயத்தில் ஆணின் உடலில் கருந்திட்டுகள் ஒழுங்கில்லாமல் முளைக்கும். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் இரண்டு இனமாகப் பட்டியலில் ஏறுவது இங்கேதான்.

நீலச்சிறகி வாத்தின் ஆணும் மாசிவாக்கில்தான் கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவத்தைத் தெளிவாகக் காட்டும். அதற்கு முன் கூட்டம் முழுக்கப் பெண் போலவே தெரியும். சூறைக்குருவியின் கதை வேறு. நிறம் மாறுவதற்காக அது இறகை உதிர்ப்பதில்லை. இறகு நுனியிலுள்ள பழுப்பு தேய்ந்துபோக, அடியிலிருக்கும் கறுப்பும் ரோஜா நிறமும் வெளியே வருகின்றன. பூத்த இலவமோ கல்யாண முருங்கையோ அருகில் இருந்தால் காலையில் அங்கே பாருங்கள், தேனுக்குக் கூட்டமாக வரும்.

குயில் எங்கிருந்தும் வரவில்லை. ஆண்டு முழுக்க உங்கள் ஊரில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். சத்தத்தை வைத்து வருகையைக் குறிக்கும்போது இந்தத் தவறு எளிதில் நேரும். (செய்தித்தாள்கள் நத்தைக்குத்தி நாரையைச் சைபீரியாவிலிருந்து வந்து கூடு கட்டும் பறவை என்று எழுதுவதையும் மாணவர்களுக்குச் சொல்லித் திருத்துங்கள். அது நம் துணைக்கண்டத்துப் பறவை. சைபீரியாவிலிருந்து வரும் உள்ளான்கள் இங்கே கூடு கட்டுவதில்லை.)

இனி கடைசித் தேதி. முதல் வருகையைக் குறிக்க ஒருமுறை பார்த்தால் போதும். புறப்பாடு அப்படியல்ல, பறவை போன பிறகும் நீங்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். மார்ச் 20 அன்று வரித்தலை வாத்தைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு ஏரிப்பக்கமே போகவில்லை என்றால், மார்ச் 20 என்பது பறவை கிளம்பிய தேதி அல்ல, நீங்கள் நிறுத்திய தேதி. அடுத்தடுத்து மூன்று வாரமாவது போய், அது இல்லை என்று பதிவான பிறகே முந்தைய தேதிக்கு மதிப்பு.

இந்தியாவில் 2007இல் தொடங்கிய மைக்ரண்ட்வாட்ச் திட்டத்தில் வலசைப் பறவைகளை முதலிலும் கடைசியிலும் கண்ட தேதிகளைத் தனித்தனியாகச் சேகரித்தார்கள். இப்போது பறவைகளைப் பதிவு செய்வதற்கான ஈபேர்ட் செயலியில் முழுப்பட்டியல் போடுவதே வழி. ஒரே கரை, ஒரே நடை, 15 நிமிடத்துக்குக் குறையாமல். அடையாளம் கண்ட எல்லா இனத்தையும் எழுதி, ‘முழுமையான பட்டியலா?’ என்ற கேள்விக்கு ஆம் என்று கொடுங்கள். அப்போதுதான் பட்டியலில் இல்லாத பறவை அன்று தென்படவில்லை என்று கணக்காகும். வாத்தை மட்டும் எழுதிய பட்டியல் இதற்கு உதவாது. ஈபேர்டின் பட்டை வரைபடம் ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்துக் காட்டுவதால் வாரம் ஒருமுறை போனால் போதும், தினமும் வேண்டாம். பெரிய கூட்டத்தில் முதலில் 10 பறவையை எண்ணி, அந்த அளவு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதைக்கொண்டு மற்றதை அளக்கப் பழக்குங்கள்.

காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், நிறம் சரியாகத் தெரியும். மார்ச் பிறந்துவிட்டால் ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும்; எவ்வளவு நல்ல தொலைநோக்கியாக இருந்தாலும் அதற்குமேல் உள்ளானின் அலகு நெளிந்துதான் தெரியும். பிள்ளைகளுக்கு எட்டு மடங்கு பெருக்கும் 8x42 தொலைநோக்கி போதும். அதிக உருப்பெருக்கம் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்கும். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். நெடும்பயணத்துக்கான கொழுப்பை அவை சேர்ப்பது இந்த வாரங்களில்தான். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் மேயும் நேரமும் சேர்த்த கொழுப்பும் வீணாகின்றன.

உள்ளான்களில் ஒரு சிக்கல் உண்டு. முதல் ஆண்டு இளம் பறவைகளில் பல வடக்கே போவதில்லை, சாம்பல் இறகோடு கோடை முழுக்க இங்கேயே தங்கிவிடும். ஜூனில் நாலு வளைமூக்கு உள்ளான் நின்றால் அவை தாமதமானவையும் அல்ல, முந்தி வந்தவையும் அல்ல. ஆகையால் பள்ளித் திட்டத்துக்கு அவற்றை எடுக்காதீர்கள்.

உங்களுக்கு இன்னொரு தடை ஆண்டுத் தேர்வு. தகைவிலான், பழுப்புக் கீச்சான், ஆறுமணிக் குருவி எல்லாம் பொதுவாகக் கிளம்புவது ஏப்ரலில், பள்ளி மூடும் நேரத்தில். அதனால் வகுப்புக்கு வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து என்று முன்னால் கிளம்பும் இரண்டை மட்டும் கொடுங்கள். மற்றவற்றை ஏரிக்கரை ஊர்களிலேயே வீடு இருக்கும் பிள்ளைகள் விடுமுறையில் மே நடுப்பகுதி வரை பார்க்கட்டும். போகாத வாரத்தைப் பதிவேட்டில் வெறுமையாக விடச் சொல்லுங்கள். அங்கே பூஜ்யம் போட்டுவிட்டால், போய்ப் பார்த்துப் பறவை இல்லாத வாரமும் போகாத வாரமும் ஒன்றாகிவிடும். பிறகு அந்தப் பதிவேட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.